வக்கீல் காருக்கு மண் காப்பு

எதிராத்து ஸ்வாமியின் மேல் சேறு விழுந்த சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. 'சளப்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு தெருவே வாயை மூடிக்கொண்டது.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை காலையில்தான் விட்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் எங்கள் வாசலில் கார் நிற்கிறது. அதன் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரருக்குக் குளித்தலை கோர்ட்டில் கேஸ். நேரமாகிவிட்ட ஆத்திரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறார்.

காருக்குப் பின்னால் எதிராத்து ஸ்வாமி நிற்கிறார். கொள்ளிடத்தில் தீர்த்தமாடி, ஈர வேஷ்டியோடு, பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, ஆத்துப் பெருமாளின் திருவாராதனத்துக்கு, அதாவது வீட்டுப் பூஜைக்கு, வெள்ளிச் செம்பில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு வருகிறார். காரை இடித்துக்கொண்டு போனால் மடி போய்விடுமே என்று மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார். பாவம், ஒதுங்கிய இடம் சக்கரத்துக்கு நேர் பின்னால்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. சளப்.

நெற்றித் திருமண்ணிலிருந்து முழங்கால்வரை சேறு. செம்பிலிருந்த தீர்த்தம் காப்பி நிறமாகிவிட்டது. கார் சேற்றிலிருந்து விடுபட்ட சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஸ்வாமி செம்பைக் கவிழ்த்தார். வந்த வழியே மறுபடி கொள்ளிடத்துக்கு நடந்தார்.

அன்று அவர் திருவாராதனம் முடித்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கோஷ்டியில் பாசுரம் சேவித்து முடித்து எல்லோரும் எழுந்துவிட்டார்களாம். முப்பது வருஷத்தில் அவர் கோஷ்டிக்குத் தவறியது அன்றைக்கு ஒருநாள்தான்.

யாருக்கு என்ன நஷ்டம்?

போன வாரம் என் வீட்டுக்காரரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகி, "உங்கள் கணவர் வாழ்க்கையில் ஒரு காரியமாவது சுற்றி வளைக்காமல் செய்திருக்கிறாரா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அம்மணி, இந்த வாரத்தையும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஸ்வாமிக்குக் கோபமே வரவில்லை. அதுதான் கஷ்டம். சாயந்திரம் என் வீட்டுக்காரர் போய் விழுந்து சேவித்து மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்:

"வக்கீல் ஸ்வாமி, உம்ம காருக்கு ஒரு மண் காப்பு போடப்படாதோ?"

கோபம் வந்தது கோமளா மாமிக்கு. ஸ்வாமியின் ஆத்துக்காரி. மாமி கத்தவில்லை, சண்டைக்கு வரவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்திருக்கும் ஜன்னலைச் சாத்தினார், அவ்வளவுதான்.

அந்த ஜன்னல் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஆறாம் மாதம், தலைச்சன். என் அம்மா, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள். உறையூரிலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு இந்தத் தெருவில் மாமி ஒருத்திதான் மனுஷி. குமட்டல் எடுக்கும் என்று நாரத்தங்காய் கொடுப்பார், கால் வீங்கியிருக்கிறதா என்று ஜன்னல் வழியாகவே காட்டச் சொல்லிப் பார்ப்பார். "அம்மா இல்லேன்னு நெனைச்சுக்காதேடி பத்மா. கார்த்திகையிலே ஏழாம் மாசம். வளைகாப்பு எங்காத்துல, நான்தான் பண்ணுவேன்" என்று அவரே சொல்லியிருந்தார்.

பிறந்த வீட்டில் செய்ய வேண்டிய காரியம் அது. அதைச் செய்ய எனக்கு வேறு யாரும் இல்லை. கார்த்திகையை விட்டால் எட்டாம் மாதம், அதுவும் மார்கழி. எந்த விசேஷமும் செய்ய மாட்டார்கள். அந்த ஜன்னல் கார்த்திகைக்குள் திறக்க வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரருக்கு இருந்த கவலை வேறு.

அந்தக் கார்

மலைத் தோட்டத்திலிருந்து சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார் அது. என் வீட்டுக்காரர் அதன் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வார். நான் மிகைப்படுத்தவில்லை. கண்ணாடி வீட்டுக்குள்ளே சும்மா தொங்கும், அவர் சீப்போடு வாசலில் நிற்பார்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் ஒரு குடை வாங்கினார். மூங்கில் கைப்பிடி, பட்டு மாதிரித் துணி. மழை வந்தால் குடை நனைந்துவிடும் என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடப்பார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஸ்வாமி மண் காப்பு என்றது மட்ஃபிளாப்பைத்தான். மட்ஃபிளாப் என்பது என்ன? சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ஒரு பட்டை. சக்கரம் வாரி அடிக்கும் சேற்றை அது வாங்கிக்கொள்ளும். லாரிகளில் எல்லாம் தொங்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் சக்கரத்தை மூடியிருக்கும் மட்கார்டில் நாலு ஓட்டை போட்டு முடுக்கிவிடுவார்கள். ஒரு மணி நேர வேலை.

"ஓட்டையா? என் காரிலேயா?" என்றார் இவர். "தகரத்துல ஒரு ஓட்டை போட்டா போறும், மழைத்தண்ணி உள்ள எறங்கி, துரு பிடிச்சு, நாலு வருஷத்துல மட்கார்டு அப்பளமா நொறுங்கும்."

"எதிராத்து ஜன்னல் சாத்தியிருக்கே, அது?"

"அதுக்கும் வழி பண்றேன். ஓட்டை இல்லாம பண்றேன்."

அவர் சொன்னது தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. ஓட்டை போட்ட கார்கள் பிற்பாடு அந்த இடத்தில்தான் துருப்பிடித்து உளுத்தன. ஆனால் சரியாகப் பேசுகிற மனிதரோடு குடும்பம் நடத்துவதைப் போன்ற எரிச்சல் வேறு இல்லை.

ஓட்டை இல்லாத வழிகள்

முதலில் தேங்காய்நார் மிதியடி. வாசலில் காலைத் துடைக்கப் போட்டிருந்ததை இரண்டாக வெட்டி, பம்பரில் சணல் கயிற்றால் கட்டினார். மாம்பழச் சாலையில் ஒன்று விழுந்தது. காரை நிறுத்திவிட்டு, கறுப்புக் கோட்டோடு நடுரோட்டில் ஓடிப்போய் எடுத்து வந்தார். இன்னொன்று காவிரிப் பாலத்தில் விழுந்தது, அதைக் காவிரியே வைத்துக்கொண்டது. கயிறு உரசிப் பம்பரில் ஒரு கோடு விழுந்ததுதான் மிச்சம். அதற்கு அவர் பெருமூச்சு விட்டதைக் கேட்டிருந்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள்.

அடுத்தது ரப்பர். பழைய டியூபை வெட்டி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, மட்கார்டின் உள்பக்கம் ஒட்டினார். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் ரப்பர் உரிந்தபோது, விளிம்போரமாக ஒரு கைக்கடிகார அளவுக்குப் பெயின்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு வேறு வேலை இல்லையா?

இதற்கு நடுவில் தோல். பெரிய கடைவீதிப் பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி, கெட்டித் தோலில் இரண்டு பட்டை செய்து, கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எதிர்வீட்டில் மடி ஆசாரம் போய்விட்டது என்றுதான் இத்தனை மனஸ்தாபமே. அதற்குப் பரிகாரமாக மாட்டுத் தோலைக் கொண்டுவந்து அவர்கள் வாசலுக்கு நேரே தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? அதுவரை ஜன்னலை மட்டும் சாத்தியிருந்த மாமி அன்று வாசல் கதவையும் சாத்தினார்.

"ஏன்னா, உங்களுக்குக் கொஞ்சமாவது இது இருக்கா?" என்று நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் கேட்டேன்.

"ஓட்டை போடலையே" என்றார்.

மழையில் ஊறி நாற்றமெடுத்த அந்தத் தோலைத் தெருநாய்கள் இரண்டு ஆளுக்கொன்றாகக் கவ்விக்கொண்டு போயின. என் வாழ்நாளில் தெருநாய்களுக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது. எனக்கு ஏழாம் மாதம். வளையல்காரர் தெருவில் கூவிக்கொண்டு போனால் நான் சமையலறைக்குள் போய்விடுவேன். மாமி வாசலில் கோலம் போடும்போது நானும் போட வெளியே வருவேன். அவர் தலை நிமிராது. ஒருநாள் பொறுக்காமல், "மாமி, சௌக்கியமா?" என்றேன். "இருக்கேன்" என்று கோலத்தைப் பார்த்துச் சொன்னார். உள்ளே போய் அழுதேன். அந்த வயசில் அப்படி அழுததற்கு இப்போதும் வெட்கப்படவில்லை.

சீட்டில் எழுதியது

அரியமங்கலத்தில் முத்துசாமி என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், மருங்காபுரிக்காரர், கை சுத்தம் என்று யாரோ கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் விடிந்ததும் இவர் காரை எடுத்துக்கொண்டு போனார். அந்த நேரத்துக்கு முத்துசாமி வரவில்லை. சமயபுரம் ரோட்டில் நின்றுபோன லாரியைப் பார்க்கப் போயிருக்கிறார். ஒர்க்‌ஷாப்பில் இருந்தது ஒரு பெயின்டர் மட்டும். லாரிக்குப் பின்னால் பூவும் பறவையும் வரைகிறவர், ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

இவருக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிவிட்டார். சாதாரண மனிதனாக இருந்தால் 'மட்ஃபிளாப் போடு' என்று எழுதியிருப்பான். இவருக்குத் தமிழ்ப் பற்று. ஸ்வாமியின் வாயிலிருந்து வந்த சொல் அழகாக இருக்கிறதென்று டைரியில் வேறு குறித்து வைத்திருந்தார். ஆகவே சீட்டு இப்படி இருந்தது:

'பின்சக்கரங்கள் இரண்டுக்கும் மண் காப்பு இடவும். உடலில் ஓட்டை கூடாது. கீறலும் கூடாது. பார்ப்பதற்கு லட்சணமாக இருக்க வேண்டும்.'

அந்தச் சீட்டை நான் பிற்பாடு பார்த்தேன். உடலில் ஓட்டை கூடாது என்பதைப் படித்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களிடம் போய்க் 'காப்பு' என்று சொல்லிப் பாருங்கள். திருமண் காப்பு என்றால் எங்கள் ஊரில் நாமம். மண் காப்பு இடவும், லட்சணமாக இருக்கவும் என்று ஸ்ரீரங்கத்து வக்கீல் கைப்பட எழுதிக் கொடுத்தால், அந்தப் பெயின்டர் என்ன செய்வார்? வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் சிவப்புப் பெயின்ட் டப்பாவையும் திறந்தார்.

சாயந்திரம் இவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியிருக்கிறார். மழை இருட்டு. கார் பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து வைத்துக்கொண்டு நிற்கிறது. இவர் ஒரு சாட்சியை விசாரிப்பதைப் போலப் பெயின்டரை விசாரித்திருக்கிறார்.

"வேலை ஆச்சா?"

"ஆச்சுங்க சார்."

"ஓட்டை போட்டயா?"

"ஒரு ஓட்டை இல்லீங்க சார்."

"கீறல்?"

"சத்தியமா இல்லீங்க. இன்னும் ஈரமா இருக்கு, கை வச்சிடாதீங்க. நாளைக்கு வெயில்ல காஞ்சா நல்லா நிக்கும்."

ரப்பருக்கு ஏதோ பசை போட்டிருக்கிறார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

தெருவுக்குள் வந்த நாமங்கள்

வழியெல்லாம் ஜனங்கள் கும்பிட்டார்களாம். அம்மா மண்டபத்துக்கிட்டே ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். நாலு கேஸ் ஜெயித்ததும் ஊரில் நமக்கு இவ்வளவு மரியாதையா என்று இவர் தலையை ஆட்டி ஆட்டி ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

கார் எங்கள் வாசலைத் தாண்டி நின்றது. நான் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

இடது மட்கார்டில் ஒரு நாமம். வலது மட்கார்டில் ஒரு நாமம். ஒவ்வொன்றும் ஒரு முழம் இருக்கும். பாதம் வைத்து, நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணத்தோடு, கோயில் யானை நெற்றியில் இருப்பதற்குக் கொஞ்சமும் குறையாமல். பெயின்டர் கெட்டிக்காரர்தான், குறை சொல்ல முடியாது.

"ஏன்னா, பின்னாடி பார்த்தேளா?"

"முன்னாடி பார்த்துத்தானே ஓட்டணும்?" என்றபடி இறங்கி வந்தார். பார்த்தார். கையிலிருந்த கேஸ் கட்டு கீழே விழுந்தது.

எங்கள் வாசலில் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். விவசாயி. வரப்புத் தகராறு. அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "வக்கீலய்யா நாமம் போட்டுட்டாருங்களே" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே சொன்னது என்னவென்று உறைத்தது. "நான் காரைச் சொன்னேனுங்க" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டு, தன் பத்திரக் கட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வக்கீல் தொழிலில் இருக்கிறவர், கட்சிக்காரர்கள் பார்க்க, இரண்டு பெரிய நாமத்தோடு கோர்ட் வாசலில் போய் இறங்க முடியுமா? முடியாது. சரி, அழித்துவிடலாமா? ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் நின்றுகொண்டு நாமத்தை அழிக்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? அப்படியே விட்டால், நாளைக்குச் சக்கரத்துச் சேறெல்லாம் அதன் மேல்தான் அடிக்கும். மனுஷர் மேல் அடித்ததற்கே ஒன்றரை மாதமாகத் தண்டனை அனுபவிக்கிறோம்.

அழுவதா, அடிப்பதா என்று தெரியாமல் நான் நின்றேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

ஸ்வாமி இறங்கி வந்தார். இவர் தெருவிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அடியேன் தெரியாம நடந்துடுத்து ஸ்வாமி" என்று சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். பெயின்டர் நல்ல மனிதர், சீட்டையும் சாவியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

ஸ்வாமி சீட்டைத் தள்ளிப் பிடித்து உரக்கப் படித்தார். மண் காப்பு என்ற இடத்தில் நிறுத்தினார். காரைப் பார்த்தார். அப்புறம் அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், மேல்வேஷ்டி நழுவுகிறது, அவருக்குத் தெரியவில்லை.

"அடியேன் சொன்ன வார்த்தைதானே ஓய்! அடியேன் வார்த்தையை வேதவாக்கா எடுத்துண்டுட்டீரே!"

"அழிக்கலாமா ஸ்வாமி? அபசாரம் வருமோன்னு..."

"நம்ம நெத்தியிலே இட்டுண்டது தினம் ஸ்நானம் பண்றச்சே கரையறதா இல்லையா? அதுக்குப் பேர் அழிக்கறதா? காருக்கும் ஒரு ஸ்நானம் பண்ணி வையும். முடிஞ்சுது."

மண் காப்பை மண்ணெண்ணெய் கொண்டு துடைத்தோம். பெயின்ட் ஈரமாக இருந்ததால் வந்துவிட்டது. இவர் சின்னக் குழந்தையின் முகத்தைத் துடைப்பதைப் போல மெதுவாகத் துடைத்தார். துடைத்த இடம் கொஞ்சம் மங்கிப் போனதற்குத் தனியாக ஒரு பெருமூச்சு.

ஸ்வாமி சிரித்தபோது கதவுக்குப் பின்னாலும் ஒரு சிரிப்புக் கேட்டது. மாமிதான். நான் ஆசையோடு நிமிர்ந்தேன். சிரிப்பு நின்றது. கதவு சாத்தப்பட்டது. மாமிக்குச் சிரிப்பு வேறு, கோபம் வேறு.

காரில் இருந்த ஓட்டை

மறுநாள் நானே கிளம்பினேன். "இந்த வயித்தோட எங்கே வரே?" என்றார் இவர். "நீங்க இனிமே சீட்டு எழுதப்படாது, அதுக்குத்தான்" என்றேன்.

முத்துசாமி லுங்கியும் கிரீஸுமாக வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. பெயின்டர் சொன்னாருங்க. நேத்து ராத்திரி பூரா சிரிச்சு வயிறு வலிங்க எனக்கு. சொல்லுங்க, என்ன வேணும்?"

"மட்ஃபிளாப் வேணும். கார்ல ஓட்டை போடப்படாதாம்."

"எதுக்குங்கம்மா ஓட்டை? அதான் ஏற்கெனவே இருக்குதே."

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்கே இருக்கு?"

"குனிஞ்சு பாருங்க சார்."

இவர் கோர்ட்டுக் கோட்டோடு தரையில் படுத்துக் காரின் அடியில் பார்த்தார். பின்பம்பரைத் தாங்குகிற இரும்பு, காரின் அடிச்சட்டத்தோடு சேருகிற இடத்தில், பக்கத்துக்கு இரண்டாகப் பெரிய போல்ட்டுகள். கம்பெனியில் கார் செய்தபோதே போட்ட ஓட்டைகள். முத்துசாமி அந்த போல்ட்டைக் கழற்றினார். ஒரு இரும்புப் பட்டையை வளைத்து, அதே போல்ட்டில் கோத்து முடுக்கினார். பட்டையின் மறுநுனியில் ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டார். இரும்பு எங்கேயும் மட்கார்டைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, தொட்டாலும் உரசக் கூடாதென்று நடுவில் டியூப் துண்டைச் சுற்றினார். ரப்பர் தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கும்படி வெட்டினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்து முடிப்பதற்குள் இடது பக்கம் முடிந்துவிட்டது.

"மட்ஃபிளாப்புன்னு நாலு எழுத்து எழுதியிருந்தா நேத்தே முடிஞ்சிருக்குங்க சார்" என்றார் முத்துசாமி.

ஒன்றரை மாதமாக ஓட்டை கூடாது, ஓட்டை கூடாது என்று என் பிராணனை வாங்கிய மனிதரின் காரில் ஓட்டை பிறவியிலேயே இருந்திருக்கிறது. ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும். கதவில் முகம் பார்த்தவருக்கு அடியில் பார்க்கத் தோன்றவில்லை.

மழை வரவில்லை

மட்ஃபிளாப் மாட்டிய நிமிஷத்தில் மழை நின்றது. கார்த்திகை மாதத்தில் பங்குனி வெயில். ஒருநாள், இரண்டு நாள், பத்து நாள். தெருச் சேறு காய்ந்து வெடித்தது. மாமியின் ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. சேறு தெறிக்காது என்று சேறில்லாத தெருவில் எப்படி நிரூபிப்பது? "சாட்சியம் இருக்கு, சந்தர்ப்பம் இல்லை" என்றார் இவர். என் கையில் அப்போது கரண்டி இருந்தது. எறியவில்லை.

கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் பிடித்த மழை ஏழு மணிக்கு விட்டது. அதே இடம். அதே பள்ளம். அதே போலப் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. இவர் வேண்டுமென்றே இறக்கினாரோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

தெருமுனையில் ஸ்வாமி வந்தார். ஈர வேஷ்டி, திருமண், கையில் செம்பு நிறையத் தீர்த்தம். காரைப் பார்த்தார். ஒதுங்கிப் போக இந்தத் தடவை எதிர்ப்பக்கம் தாராளமாக இடம் இருந்தது. போகவில்லை. நேரே வந்து, சக்கரத்துக்குப் பின்னால், போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றார்.

"வக்கீல் ஸ்வாமி, ஓட்டும்."

"வேண்டாம் ஸ்வாமி. கோஷ்டிக்கு நேரமாயிடும். தப்பித் தவறி..."

"ஓட்டும்ங்கறேன்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "என்ன இது, வம்பை வெலைக்கு வாங்கிண்டு! தள்ளி நில்லுங்கோ!" என்று மாமி கத்தினார். ஸ்வாமி நகரவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். பெருமாளே, இந்த ரப்பர் மட்டும் இப்போது விழுந்தால் இந்த ஊரில் எனக்கு யாருமே கிடையாது என்று நினைத்தேன்.

சக்கரம் சுழன்றது. தப், தப், தப் என்று ரப்பரில் சேறு மோதி, அங்கேயே வழிந்து, கீழே கொட்டியது. கார் ஒரு குலுக்கலோடு மேலே ஏறியது. ஸ்வாமி செம்புக்குள் எட்டிப் பார்த்தார். கொள்ளிடத்துத் தண்ணீர் கொள்ளிடத்துத் தண்ணீராகவே இருந்தது. கையை லேசாக உயர்த்திவிட்டு உள்ளே போனார். அவருக்குத் திருவாராதனம் இருக்கிறதே.

இவர் இறங்கி ஓடிப்போய் மட்கார்டைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. உலகத்தை ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

அப்போது மாமி வந்தார். மடிசாரோடு, இரண்டு கையாலும் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு. தாம்பாளம் நிறையப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். எப்போது வாங்கி வைத்தார் என்று கேட்காதீர்கள். கார்த்திகை பிறந்த அன்றே வளையல்காரரைக் கொல்லைப்புறமாக வரச்சொல்லி வாங்கிவிட்டாராம். அத்தனை நாள் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, வளையலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தெருவில் எனக்கு வாய்த்தவர்கள் எல்லோருமே இப்படித்தான்.

நடுத்தெருவில் சேறு. மாமி புடவையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கை காலியில்லை. பக்கத்தில் கார் நின்றது. தாம்பாளத்தைக் காரின் டிக்கி மேல் வைத்துவிட்டுப் புடவையைச் செருகக் குனிந்தார். டிக்கியோ சரிவு.

தாம்பாளம் நகர்ந்தது. மாமி பாய்ந்து பிடித்தார். க்ரீச் என்று ஒரு சத்தம். தெரு மறுபடியும் வாயை மூடிக்கொண்டது.

இரண்டு சாண் நீளம் இருக்கும். கறுப்புப் பெயின்டுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று தகரம் தெரிந்தது. மாமியின் முகம் செத்துவிட்டது. இவர் அந்தக் கீறலைப் பார்த்தார். குனிந்து விரலால் அதன் நீளத்தைத் தடவினார். கயிறு உரசின ஒரு கோட்டுக்குப் பெருமூச்சு விட்டவர். கைக்கடிகார அளவுப் பெயின்டுக்குப் பட்டினி கிடந்தவர்.

"வளையல் ஒண்ணும் ஒடையலையே மாமி?" என்றார்.

ஒன்றும் உடையவில்லை. அன்று பகலுக்குள் அத்தனையும் என் இரண்டு கைகளிலும், முழங்கைவரை ஏறிவிட்டன. மாமிதான் போட்டுவிட்டார், எங்கள் அம்மா மாதிரியே ஒவ்வொரு வளையலுக்கும் என் விரல்களைக் குவித்துப் பிடித்து. எனக்கும் அழுகை, மாமிக்கும் அழுகை.

வளைகாப்பு முடிந்து சாயந்திரம் மாமி வீட்டிலிருந்து வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பெருந்தன்மை ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தது, நாலு ஓட்டைக்கு மனசு வந்திருந்தால் நான் இத்தனை நாள் அழுதிருப்பேனா, டிக்கியில் இரண்டு சாண் போனால் பரவாயில்லையா என்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி விளக்கு வைக்கிறவரைக்கும் திட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பத்மா, வளையல் சத்தத்துல ஒண்ணுமே காதுல விழலை. மறுபடி முதல்லேர்ந்து சொல்லு" என்றார்.